யூதப்பள்ளி வழிபாடு: சட்டம் எது, வழக்கம் எது

யூதர்களின் தொழுகைக் கூடத்தைப் பற்றித் தமிழர்களிடையே நிலவும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தவை. ஒன்று விவிலியம்; மற்றொன்று கொச்சி மட்டாஞ்சேரிச் சுற்றுலா. குமரி மாவட்டத்தில் இரண்டு வழிகளுமே திறந்திருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்பவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். பரிசேயர், ஜெப ஆலயம், ஓய்வுநாள் ஆகிய சொற்கள் இவர்கள் சிறுவயதிலிருந்தே கேட்டுப் பழகியவை. கொச்சியும் தொலைவில் இல்லை. இராஜாக்கமங்கலத்திலிருந்து காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நிற்கலாம். எருசலேம் ஆலயத்தையும் ஊர்தோறும் இருந்த ஜெப ஆலயத்தையும் ஒன்றாக எண்ணுவது முதல் வழியில் வரும் பிழை. மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியில் கண்டதெல்லாம் உலக யூதர் அனைவருக்கும் பொதுவான நெறி என்று முடிவுகட்டுவது இரண்டாம் வழியில் வரும் பிழை.

இந்தக் குழப்பங்களில் பலவற்றைத் தீர்க்கும் வேறுபாடு ஒன்றை யூத மரபே வகுத்து வைத்திருக்கிறது. யூதர் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சமயச் சட்டம் ஹலகா. ஓர் ஊராரோ ஒரு குடியினரோ வழிவழியாகக் கைக்கொண்டு வரும் வழக்கம் மின்ஹாக். வழக்கத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஓர் ஊரின் வழக்கத்தை மற்றோர் ஊர் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை.

யூதப்பள்ளியில் பலிபீடம் உண்டு, பலியிடும் குருக்கள் உண்டு என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். பலி எருசலேம் ஆலயம் ஒன்றுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கி.பி. 70இல் உரோமப் படை அந்த ஆலயத்தை இடித்தபோது பலியும் நின்றது. அதன்பின் எந்த நாட்டிலும் எந்தப் பள்ளியிலும் பலி இல்லை. காலையிலும் பிற்பகலிலும் செலுத்தப்பட்ட அன்றாடப் பலிகளின் இடத்தில் ஷஹரித், மின்ஹா என்னும் காலை, பிற்பகல் தொழுகைகளை அறிஞர்கள் வைத்தார்கள். இரவுக்கு உரியது அர்வித். ஓய்வுநாள், திருவிழா, மாதப்பிறப்பு ஆகிய நாள்களில் முசாஃப் என்னும் கூடுதல் தொழுகை சேரும். ஆலயக் குருக்களின் வழிவந்த குடும்பத்தார் இன்றும் ‘கோஹென்’ எனப்படுகிறார்கள். தோரா என்னும் மறைநூலின் வாசிப்புக்கு முதல் அழைப்பும், சபைக்கு ஆசி கூறும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அதற்கு மேல் பள்ளியில் பூசகர் பணி எதுவும் இல்லை.

ரப்பி என்பவர் பூசாரியோ பாதிரியாரோ அல்லர். அவர் சட்டம் கற்றவர், ஐயம் கேட்டால் தீர்ப்புச் சொல்பவர். அவர் இல்லாமலே தொழுகை முழுமையாக நடக்கும். இதற்குக் கொச்சியை விடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. கேரளத்து யூதர்கள் பல நூற்றாண்டுகள் முறையாகப் பட்டம்பெற்ற ரப்பி ஒருவர்கூட இல்லாமல் தங்கள் பள்ளிகளை நடத்தினார்கள். மூப்பர்கள் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். எபிரேயம் நன்கு தெரிந்த ஆண்கள் முன்னின்று தொழுகை நடத்தினார்கள். பெரிய சட்டச் சிக்கல் எழுந்தால் எகிப்து போன்ற நாடுகளில் இருந்த அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள்.

தொழுகைக்குத் தேவையானது ரப்பி அல்ல, பத்துப் பேர். பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடிய அவைக்கு மின்யான் என்று பெயர். இங்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பத்துப் பேர் சேராவிட்டால் தொழவே கூடாது என்று சிலர் எழுதுகிறார்கள். தனியாளும் மூன்று வேளையும் தொழலாம், தொழவும் வேண்டும். மின்யான் இல்லாதபோது விட்டுவிட வேண்டியவை சில பகுதிகள் மட்டுமே: கதிஷ், இறைவனின் தூய்மையைப் போற்றும் கெதுஷா, தொழுகைக்கு அழைக்கும் பரெகு, சுருளைத் திறந்து செய்யும் முறையான தோரா வாசிப்பு. 1950களில் கேரள யூதர்கள் பெருமளவில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிறகு பரதேசிப் பள்ளியில் பத்தாவது ஆளுக்காக வெளிநாட்டு யூதப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலை வந்தது. சீர்திருத்தப் பிரிவுகளும் கன்சர்வேட்டிவ் பிரிவின் பெரும்பாலான சபைகளும் இந்தப் பத்துப் பேரில் பெண்களையும் சேர்த்தே எண்ணுகின்றன.

பரதேசிப் பள்ளிக்குள் நுழைபவரின் கண் முதலில் போவது மேற்குச் சுவரில் உள்ள ஹேகால் என்னும் பேழைக்கு. செதுக்கு வேலையும் பொற்பூச்சும் கொண்டது. முன்னே திரை தொங்கும். இதைக் கருவறை என்றும் உள்ளே திருவுரு இருக்கிறது என்றும் நினைப்பது கோயில் பழக்கத்தில் வரும் எண்ணம். உள்ளே இருப்பவை தோலில் கையால் எழுதிய தோராச் சுருள்கள். பேழை திறக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பது உண்மை. சுருளைத் தொழுகைச் சால்வையின் நுனியால் தொட்டு முத்தமிடுவதும் உண்மை. அது மறைநூலுக்குச் செய்யும் மரியாதை. வழிபாடு இறைவனுக்கு மட்டுமே என்பதில் யூதச் சட்டம் இம்மியும் விட்டுக்கொடுக்காது. தொழுகைக் கூடத்தில் மனித உருவப் படம் கிடையாது. அருகிலுள்ள அறையில் கொச்சி யூதர் வரலாற்றைக் காட்டும் ஓவியங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. அவை 1968இல் பள்ளியின் நானூறாம் ஆண்டு நிறைவையொட்டி வரைந்தவை. அந்த விழாவில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அந்த ஓவியங்களை யாரும் வணங்குவதில்லை.

பள்ளியில் காக்கப்படும் செப்பேடுகளுக்கும் இதே விளக்கம் பொருந்தும். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஏறத்தாழ கி.பி. 1000இல், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய சாசனம் அது, வட்டெழுத்தில் அமைந்தது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையும், பல்லக்கு, குடை, முரசு முதலிய எழுபத்திரண்டு உரிமைகளும் அதில் தரப்படுகின்றன. வழிபாட்டைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. அஞ்சுவண்ணத்தை யூதருக்கு மட்டுமே உரிய பெயராகக் கொள்வதும் சரியல்ல. மேற்காசியாவிலிருந்து வந்த பல சமய வணிகர்களைக் குறித்த பெயர் அது. குமரி மாவட்டத்திலேயே, தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவைச் சார்ந்த முஸ்லிம் ஜமாத்தின் பெயரில் அஞ்சுவண்ணம் இன்றும் நிலைத்திருக்கிறது.

பேழை மேற்கே இருப்பதைப் பார்த்துப் பக்கத்துப் பள்ளிவாசலைப் பின்பற்றிக் கட்டினார்கள் என்று சொல்வோர் உண்டு. ஐரோப்பிய நூல்களை மட்டும் படித்தவர்களோ யூதர்கள் கிழக்கு நோக்கியே தொழுவார்கள் என்பார்கள். இரண்டும் பிழை. தொழவேண்டிய திசை எருசலேம். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து அது கிழக்கு அல்லது தென்கிழக்கு, இந்தியாவிலிருந்து மேற்கு. யேமன் நாட்டு யூதர் வடக்கு நோக்கித் தொழுவார்கள்.

தோரா வாசிப்பைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். யூத வழிபாட்டின் இயல்பு அதில்தான் நன்றாகத் தெரியும். வாசிப்பு ஓய்வுநாளுக்கு மட்டும் உரியதன்று. திங்கள், வியாழன் காலைகளிலும் உண்டு. ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்களும் ஓராண்டில் ஒரு சுற்று முடியும். கொச்சியில் சுருள் துணியுறைக்குள் இருக்காது. உலோகத் தகடு போர்த்திய மரக் கூட்டுக்குள் செங்குத்தாக நிற்கும், உச்சியில் கிரீடம். பரதேசிப் பள்ளியின் பொற்கிரீடங்களில் ஒன்று 1805இல் திருவிதாங்கூர் மகாராஜா அளித்தது என்பது பள்ளியின் மரபு. அப்போது அரியணையில் இருந்தவர் பாலராம வர்மா. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வரி வாங்கிய அதே அரசின் கொடை, அயல்நாடான கொச்சியின் யூத மறைநூலின் தலையில் ஏறியது.

பேழையிலிருந்து எடுத்த கூட்டை, கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்து நிற்கும் தேபா என்னும் மேடைக்குக் கொண்டுவருவார்கள். கூட்டைத் திறந்து எழுத்துகள் தெரியுமாறு சபைக்குக் காட்டுவார்கள். ஓய்வுநாளில் ஏழு பேர், திங்கள் வியாழனில் மூன்று பேர் வரிசையாக அழைக்கப்படுவார்கள். படிப்பவர் விரலால் எழுத்தைத் தொடக்கூடாது. நுனியில் சிறு கைவிரல் வடிவுள்ள வெள்ளிக் கோலால் சுட்டிக்கொண்டே செல்வார். சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக் குறிகள் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. மூன்றையும் நினைவில் வைத்தே படிக்கவேண்டும். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் கூடியிருப்பவர்கள் உடனே குரல்கொடுத்துத் திருத்துவார்கள்; அந்தச் சொல்லை அவர் மறுபடியும் சரியாகப் படித்தாக வேண்டும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது அவமதிப்பாகத் தோன்றலாம். உண்மையில் இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நூலுக்குச் செய்ய முடியாது. எழுதுவதிலும் அதே கண்டிப்பு. மரபுக் கணக்கின்படி தோராவில் 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக்கூடாது.

செருப்பு விஷயத்தில் கொச்சியைப் பார்த்து உலகைத் தீர்மானிப்பது வழக்கமான தவறு. பரதேசிப் பள்ளிக்குள் காலணியைக் கழற்றிவிட்டே போகவேண்டும். தரை முழுவதும் 1762இல் கொச்சி யூத வணிகர் எசெக்கியேல் ரஹாபி சீனாவிலிருந்து தருவித்த, நீலமும் வெள்ளையுமாகக் கையால் தீட்டிய ஓடுகள். ஓடுகளைக் காக்கவே இந்த விதி என்பது வழிகாட்டிகள் சிலர் சொல்லும் விளக்கம். ஆனால் காலணி கழற்றும் வழக்கம் மற்றக் கேரள யூதப்பள்ளிகளிலும் இருந்தது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் வெறுங்காலோடு நுழையும் அக்கம்பக்கத்தாரின் நடுவே வளர்ந்த வழக்கம் இது என்று கொள்வதே பொருத்தம். நியூயார்க்கிலோ இலண்டனிலோ யூதர்கள் காலணியோடுதான் தொழுகிறார்கள். கொச்சிக் கூடத்தில் தொங்கிய தேங்காயெண்ணெய் விளக்குகளும் அப்படியே. விளக்கு யூதருக்குப் பொது. தேங்காயெண்ணெய் கேரளத்துக்கு உரியது. ஓய்வுநாள் விளக்கை வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் ஏற்றியாக வேண்டும். மறைந்தபின் தீ மூட்டுவது சட்டப்படி விலக்கு.

சிம்ஹத் தோரா திருவிழாவில் சுருள்களைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிவருவது உலகெங்கும் உண்டு. கொச்சியில் பிற்பகலில் சுருள்களைப் பள்ளிக்கு வெளியே எடுத்துவந்து கட்டடத்தையே வலம்வரும் வழக்கமும் இருந்தது. தேர்வலம் கண்டு பழகிய மண்ணில் இது வியப்பல்ல. ஆனாலும் இதைக் கொண்டு கொச்சி யூதரை அரை இந்துக்கள் என்று எழுதுவது மிகை. எந்தச் சட்டமும் இதனால் மீறப்படவில்லை.

விவிலியத் தமிழில் காப்புநாடா என்று வருவது தெஃபிலின். கையில் கட்டிக்கொள்ளும் தாயத்து என்று இதை எண்ணுவது பரவலான தவறு. இரண்டு கறுப்புத் தோல் பெட்டிகள். ஒன்று இதயத்துக்கு நேராக இடக்கையின் மேற்பகுதியில், மற்றொன்று நெற்றிக்கு மேலே. உள்ளே யாத்திராகமத்திலிருந்து இரண்டு, உபாகமத்திலிருந்து இரண்டு என நான்கு பகுதிகள் எழுதிய தோல் துண்டுகள். கண்ணேறு கழிப்பதற்கோ நோய் விரட்டுவதற்கோ அது அணியப்படுவதில்லை. கட்டளைகளைக் கையும் தலையும் மறவாதிருக்க அணிவது. ஓய்வுநாளிலும் திருவிழாக்களிலும் தெஃபிலின் கிடையாது. சுற்றுலாப் பயணி சனிக்கிழமைத் தொழுகையில் அதைத் தேடினால் காணமுடியாது. நான்கு மூலைகளிலும் குஞ்சம் தொங்கும் தல்லித் என்னும் சால்வை காலைத் தொழுகைக்கு உரியது. பாவநிவாரண நாளான யோம் கிப்பூரின் தொடக்க இரவில் மட்டும் மாலையிலேயே போர்த்திக்கொள்வார்கள். தலையில் வைக்கும் கிப்பா தோராவில் கட்டளையிடப்பட்டதன்று. வழக்கமாகத் தொடங்கி, பிற்காலச் சட்டநூல்களில் உறுதிபெற்றது.

யூதர்கள் முழந்தாளிட்டுத் தொழுவார்கள் என்பது கிறித்தவ வழிபாட்டிலிருந்து எடுத்த ஊகம். அன்றாடத் தொழுகையின் நடுநாயகமான அமிதா, பாதங்கள் இரண்டையும் சேர்த்து நின்று மெல்லிய குரலில் சொல்வது. குறித்த சில இடங்களில் மட்டும் குனிவார்கள். தரையில் விழுந்து வணங்குவது ஆண்டின் மிகப் புனித நாள்களுக்கே உரியது. உடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு தொழுவது சட்டமன்று. கிழக்கு ஐரோப்பிய யூதரிடம் வேரூன்றிய பழக்கம் அது. அதை ஏற்காத மரபுகளும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முணுமுணுப்பதால் கூடத்தில் இரைச்சல் எழும். ஒழுங்கில்லை என்று வெளியார் குறைகூறும் அந்த இரைச்சல் குலைவல்ல. தொழுகை தலைவர் ஒருவரின் வேலையல்ல, ஒவ்வொருவரின் கடமை என்பதால் வருவது.

யூதத் தொழுகை முழுக்க வேண்டுதல் என்ற எண்ணத்தை ஓய்வுநாள் ஒன்றே மறுத்துவிடும். வேலைநாளின் அமிதாவில் பத்தொன்பது ஆசிப்பகுதிகள். நலம், மழை, பிழைப்பு எனக் கேட்பவை நடுவில் வரும். ஓய்வுநாளில் அவற்றை நீக்கிவிட்டு ஏழே பகுதிகள் சொல்லப்படும். அன்று கடவுளிடம்கூடத் தேவைகளின் பட்டியலை நீட்டுவதில்லை.

கதிஷ் இறந்தோருக்கான மன்றாட்டு என்று கருதப்படுகிறது. பெற்றோரை இழந்தவர் பதினொரு மாதங்கள் சபையில் அதைச் சொல்வதால் வந்த எண்ணம் இது. அந்தப் பாடத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த இறைபுகழ்ச்சி அது. தொழுகையின் பகுதிகளைப் பிரிக்கும் இடங்களிலும் சொல்லப்படுகிறது. துயரத்தின் நடுவில் நின்று இறைவனின் பெயரைப் புகழ்வதே துயருற்றவரின் கடமை.

யோம் கிப்பூர் தொடக்கத்தில் ஓதும் கோல் நித்ரே பற்றிய தவறான எண்ணம் யூதர்களுக்குப் பெருந்தீங்கு விளைவித்தது. அதுவரை செய்த ஆணைகள் எல்லாவற்றையும் யூதர்கள் அன்றிரவு ரத்துசெய்துகொள்கிறார்கள், ஆகவே அவர்களின் வாக்கை நம்பக்கூடாது என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பழி சுமத்தினார்கள். நீதிமன்றங்களில் யூதருக்கென்று இழிவான தனி உறுதிமொழி முறைகளை வைத்தார்கள். கோல் நித்ரே விடுவிப்பது ஒருவர் தனக்கும் கடவுளுக்கும் இடையே செய்துகொண்ட நேர்த்திகளிலிருந்து மட்டும். வாங்கிய கடனோ, எழுதிய ஒப்பந்தமோ, பிறனுக்கு அளித்த சொல்லோ அதனால் தளராது. பிறனுக்குச் செய்த தீங்கை, அவனை நேரில் அமைதிப்படுத்தும்வரை, யோம் கிப்பூர்கூடப் போக்காது என்று பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது.

பெண்களுக்கு யூதப்பள்ளியில் இடமில்லை என்ற கூற்று பாதி உண்மைகூட அல்ல. மரபுச் சபைகளில் அவர்கள் தனிப்பகுதியில் இருக்கிறார்கள். மின்யான் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் கேரளத்தில் அந்தத் தனிப்பகுதியின் அமைப்பே தனித்தன்மை உடையது. மாடியில் பெண்கள் இருக்கும் பகுதிக்கு முன்னால் இரண்டாவது தேபா ஒன்று உண்டு. ஓய்வுநாளிலும் திருவிழாக்களிலும் தோரா அங்கிருந்து வாசிக்கப்பட்டது. கீழ்த்தளத்து ஆண்களுக்கு நிகராகவோ, இன்னும் அருகிலிருந்தோ பெண்கள் அதைக் கேட்டார்கள். கொச்சிப் பெண்களில் பலர் எபிரேயம் படித்தவர்கள். ஆண்களோடு சேர்ந்து எபிரேயப் பாடல்கள் பாடியவர்கள். பெண் குரலை ஆண்கள் முன் ஒலிக்கவிடக்கூடாது என்று பிற நாட்டுச் சபைகள் சில வலியுறுத்திய தடை இங்கு அப்படிக் கடைப்பிடிக்கப்படவில்லை. திருமணத்திலும் விழாக்களிலும் பாட, மலையாளப் பாடல்களைப் பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் எழுதிக் காத்தார்கள். சீர்திருத்தப் பிரிவின் வழி வேறு. மும்பையில் 1925இல் மருத்துவர் ஜெருஷா ஜிராத் முன்னின்று தொடங்கிய யூத சமய ஒன்றியம் இந்தியாவிலேயே அந்த வழியைத் திறந்தது.

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத பகுதி ஒன்று உண்டு. பள்ளிக்குள் எல்லா யூதரும் சமம் என்பது சட்டம். மட்டாஞ்சேரியில் நெடுங்காலம் அப்படி இல்லை. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்த பரதேசிகள், தங்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மலபாரி யூதரைத் தங்கள் பள்ளியில் சமமாகச் சேர்க்கவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த ‘மெஷுஹ்ராரிம்’ நிலை இன்னும் கீழே. அவர்கள் முன்கூடத்தில் இருக்கவேண்டும். தோரா வாசிப்புக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. இதற்குச் சட்ட ஆதரவு கிடையாது. 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்து ரப்பி தாவீது இப்னு அபி சிம்ரா, முறைப்படி நீராட்டுச் சடங்கு முடித்தபின் இவர்களை முழு யூதராக ஏற்கவேண்டும் என்று விடை எழுதியிருந்தார். கேட்டு வாங்கிய தீர்ப்பைச் செயல்படுத்தாமல் வழக்கத்தின் பெயரால் காலம் கடத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அந்த முன்கூடத்திலிருந்து எழுந்தார். காந்திய வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தி, தடைகளை ஒவ்வொன்றாகத் தகர்த்தார். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நாஞ்சில் நாட்டில் சத்தியாக்கிரகம் நடந்ததும், திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல் வந்ததும் இதே காலத்தில்தான். ஓர் ஊர் வழக்கம் காலணி கழற்றுவதாக இருக்கும்வரை அழகு. மனிதனை வாசலில் உட்காரவைப்பதாக இருந்தால் அதை வழக்கம் என்று சொல்லிக் காப்பாற்றுவதில் நியாயமில்லை.

1568இல் கட்டிய பரதேசிப் பள்ளியை இந்தியாவின் முதல் யூதப்பள்ளி என்று சிலர் எழுதுகிறார்கள். அதன் முற்றத்துச் சுவரிலேயே, மறைந்துபோன கொச்சங்காடிப் பள்ளியின் 1344ஆம் ஆண்டுக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. சேந்தமங்கலத்தில் உள்ள எபிரேயக் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டைக் காட்டுகிறது. சேந்தமங்கலம், பறவூர்ப் பள்ளிகள் புதுப்பிக்கப்பட்டு இன்று அருங்காட்சியகங்களாக உள்ளன. மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் உட்புற மரவேலைகள் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. இதைக் கொண்டு கொச்சி வழிபாட்டு முறை அழிந்துவிட்டது என்று கொள்ளவேண்டியதில்லை. கொடுங்கல்லூரின் பழம்பெயரான சிங்கிளியின் பெயரால் வழங்கும் அந்த முறையின் தொழுகைப் பாடங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின. நெவாதிம், மெசிலாத் சீயோன், தாவோஸ், அவியேசர் முதலிய இஸ்ரேலியக் குடியேற்ற ஊர்களில் கேரளத்திலிருந்து சென்ற குடும்பங்களும் அவர்களின் வழிவந்தோரும் வாழ்கிறார்கள். நெவாதிமில் கொச்சி யூதருக்கென்று ஒரு தொழுகைக் கூடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.